நான்காம் பந்தியில் இருந்த சொல்

என் சாட்சியமாக நான் இங்கிலிஷில் தட்டச்சு செய்து கொடுத்த சத்தியக்கடதாசியைச் சட்டத்தரணி சவுந்தரநாயகம் மேசையில் திருப்பிப் போட்டார். நான்காம் பந்தியில் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். 'ஷவுட்' என்ற சொல்.

"ஐசே செல்லையா, பின்னேரம் மூண்டு மணிக்கு ஒரு ஷவுட் கேட்டதெண்டு எழுதியிருக்கிறீர். இதை வைச்சு நான் கோட்டில என்ன செய்யிறது? கடலைக்காரனும்தான் கத்துவான்."

பக்கத்து நாற்காலியில் டோரின் இருந்தாள். கொட்டாஞ்சேனையில் என் அறைக்கு அடுத்த அறையில் அவளும் தம்பி வலன்ரைனும் குடியிருந்தார்கள். அவனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. முந்திய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டோரின் கோயிலுக்குப் போயிருந்த நேரம், நம்பர் தகடு இல்லாத வானில் வந்தவர்கள் அவனைக் கொண்டுபோனார்கள். அப்படியொருவனை யாரும் பிடிக்கவில்லை என்றே போன இடமெல்லாம் பதில் வந்தது. ஆட்கொணர்வு மனுப் போடுவதற்கு, அவனைக் கொண்டுபோனதை அறிந்த ஒரு சாட்சி வேண்டும். என்னைத் தவிர வேறு ஆளில்லை.

நான் அறிந்தது இதுதான். வெளியே இழுபட்டுக்கொண்டு போகும்போது வலன்ரைன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் கதவின் உள்பக்கம், கொண்டியில் கையை வைத்தபடி நின்றேன். வந்தவர்களும் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்ற பயத்தில் பிறகு மூன்று நாள், நான் தட்டச்சு வேலை பார்க்கும் இந்தப் புதுக்கடைக் கோட்டுப் பக்கமே வரவில்லை.

பதுளையில் படித்த காலத்திலிருந்தே அகராதி பார்க்காமல் நான் இங்கிலிஷ் எழுதுவதில்லை. இதற்கும் பார்த்தேன். கூப்பிட்டான் என்று பொருள்படும் 'கோல்' என்ற சொல்லை எழுதினால் யாரைக் கூப்பிட்டான் என்று கேட்பார்கள். அலறினான் என்று 'ஸ்க்ரீம்' போட்டால் என்ன செய்தார்கள், ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். 'ஷவுட்' என்றால் உரத்த சத்தம், அவ்வளவுதான். நோவிலும் வரும், சந்தோஷத்திலும் வரும். அதைப் போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அகராதியில பாத்துத்தான் எழுதினேன் சார்," என்றேன். "வேர் நிச்சயமில்லைன்னு போட்டிருக்கு. வெளிய எறியறதுன்னு அர்த்தம் வர்ற ஒரு பழைய சொல்லுக்குச் சொந்தமா இருக்கலாமாம்."

"நான் வேரைக் கேக்கேல்ல, ஆளைக் கேக்கிறன்."

டோரின் என் பக்கம் திரும்பினாள். "எறியிறதெண்டா ஆரோ ஒராளுக்குத்தானே அண்ணன் எறியிறது? தம்பி சத்தம் போட்டுக் கதைக்காதவன். கத்தினவனெண்டா ஆரையோ கூப்பிட்டிருக்கோணும்."

அவளுக்கு என்மேல் சந்தேகம் இல்லை. அந்த மாதம் முழுக்க எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றியவள் அவள்.

"குரல் ஆருடையதெண்டு தெரியுமோ, தெரியாதோ?" என்றார் சவுந்தரநாயகம். "தெரியாதெண்டாச் சொல்லும், இதைக் கட்டி வைப்பம்."

"கொஞ்சம் இருங்க சார்," என்று எழுந்தேன்.

என் தட்டச்சுப்பொறி வெளியே விறாந்தையில் இருந்தது. நான்காம் பந்தியைப் புதிதாக அடித்தேன். அந்தக் குரல் என் அயலவர் வலன்ரைனுடையது. அவர் என் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். நான் கதவைத் திறக்கவில்லை. கடைசி வரி வழக்குக்கு வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

டோரின் பின்னால் வந்து நின்றிருந்தாள். தாளைக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு இங்கிலிஷ் நன்றாகத் தெரியும். முதலாம் பந்தியிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தவள், நான்காவதில் நெடுநேரம் நின்றாள். நான் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினை தரம் கூப்பிட்டவன்?"

"நாலு தரம்."

"அப்ப நாலு தரம் எண்டு போடுங்கோ," என்று தாளை நீட்டினாள்.

வாங்கி, மறுபடி பொறியில் ஏற்றினேன்.