ரிவர்ஸ் இல்லாத கார்

என் அண்ணன் ஒரு டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கான். கார் ஓட்டக் கத்துத் தர்றதைத் தவிர அங்க மத்ததெல்லாம் ஒழுங்கா நடக்கும். வர்றவங்களைக் கும்பிட்டு உக்கார வைப்பான், ஃபேனைப் போட்டு விடுவான், கையெழுத்து போடற இடத்துல பென்சில்ல புள்ளி வச்சுத் தருவான். "போட்டோ மட்டும் நல்லா எடுத்துட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்"னு சொல்லி அனுப்புவான். எங்க ஊர்ல ரோட்டைக் கடக்க ஜனங்க இவ்வளவு பயப்படறாங்கன்னா, அதுல பாதிப் பெருமை அவனைத்தான் சேரும்.

மீதிப் பாதி லைசென்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டரைச் சேரும். அவருக்கு ஊரே வச்ச பேரு தலையாட்டி. டெஸ்ட் எடுக்கற கிரவுண்டைச் சுத்தி ஆள் உயரத்துக்கு மேல ஒரு சுவர் இருந்துச்சு. உள்ள போன கார் ஓடுச்சா, நின்னுச்சா, இன்ஸ்பெக்டர் மடியில ஏறுச்சான்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது. அண்ணன் பேசி முடிச்ச ஆளுன்னா கார் வாசலைத் தாண்டினதும் தலை ஆடும், பாஸ். பேசாம வந்த அப்பாவின்னா உக்கார்ற விதம் சரியில்ல, கண்ணாடியைப் பாக்கல, அடுத்த மாசம் வா.

எனக்கு லைசென்ஸ் வேண்டியிருந்துச்சு. நான் வேலை பாத்த அட்டைப்பெட்டி கம்பெனியை மூடிட்டாங்க. என் வீட்டுக்காரர் முதுகுல ஆபரேஷன் ஆகி, கட்டில்ல படுத்தபடியே ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிட்டிருந்தார். பக்கத்துத் தெரு ஸ்கூல்ல வேன் ஓட்ட ஆள் தேடினாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பாத்ததும், "பொம்பள டிரைவர்னா பிள்ளைங்களுக்கு நல்லதுதான். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள லைசென்ஸோட வாங்க, இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்"னு கறாரா சொல்லிட்டாங்க. லீவு முடியறதுக்குள்ள லைசென்ஸ் வரலேன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது. விஷயம் அவ்வளவுதான்.

அண்ணன் கிட்ட போனேன். "பாப்பா, இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சிருக்க? நான் எதுக்கு இருக்கேன்"னான். ரெண்டு பிள்ளை பெத்து, தலை நரைக்க ஆரம்பிச்சும் அவனுக்கு நான் பாப்பாதான்.

"லைசென்ஸை நீ வாங்கிக் குடுத்துடுவ. ஓட்ட யாரு கத்துக் குடுப்பா?"ன்னு கேட்டேன். என்னமோ நான் அவன் சொத்துல பங்கு கேட்ட மாதிரி பாத்தான்.

என் தொல்லை தாங்காம டிரைவிங் ஸ்கூல் காரைக் குடுத்தான். முன்னால போறதைச் சீக்கிரமே பழகிட்டேன். ஒரு நாள் ஒரு சந்துல மாட்டிக்கிட்டு, பின்னால எடுக்கலாம்னு கியரைப் போட்டா அது அம்மியை அரைக்கற மாதிரி சத்தம் போடுது, கார் அசையல. பக்கத்துல உக்காந்திருந்த அண்ணன் சாவகாசமா இறங்கிப் போய், ரெண்டு கையையும் பானட்ல வச்சுக் காரைப் பின்னால தள்ளினான். கை துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்தான்.

"என்னண்ணா இது?"

"ரிவர்ஸ் போய் வருஷக்கணக்காச்சு. லைசென்ஸ் வாங்கறவனுக்கு ரிவர்ஸ் எதுக்கு?"

இவ்வளவு வருஷமா அந்தக் கார்ல "கத்துக்கிட்டு" லைசென்ஸ் வாங்கின ஒரு ஆள் கூட ரிவர்ஸ் இல்லைன்னு புகார் சொல்லலை. யாருக்குமே அது தேவைப்படலை. தலையில அடிச்சுக்கிறதைத் தவிர நான் என்ன செய்ய?

லஞ்சத்தை ஒழிக்கறேன்னு அந்த ஆபீஸ்ல நடந்த கூத்தைச் சொல்லணும். ஒரு அதிகாரி வந்தார், எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு உறுதிமொழி எடுக்க வச்சார். தலையாட்டிதான் முன்னால நின்னு கணீர்னு வாசிச்சார். அடுத்தவர் வாசல்ல பெரிய பேனர் கட்டினார். அந்தப் பேனர் அடிச்ச காசுலயே கமிஷன் போனதா பேனர் கடைக்காரனே சிரிச்சுக்கிட்டு சொன்னான். இன்னொருத்தர் புகார்ப் பெட்டி வச்சார், பெட்டிச் சாவி தலையாட்டி இடுப்புல தொங்குச்சு. அதுக்கப்புறம் வந்தவர் கேமரா மாட்டினார். புறா கூடு கட்டுது பாவம்னு அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சுட்டாங்க. ஜீவகாருண்யத்துல எங்க ஆபீஸை அடிச்சுக்க ஆளே கிடையாது.

அந்த வருஷம் புதுசா ஒரு மேடம் வந்தாங்க. பேச்சு கிடையாது, பேனர் கிடையாது. வந்த வாரமே ஆளைக் கூட்டிட்டு வந்து கிரவுண்டுச் சுவரை இடிச்சாங்க. அந்தக் கல்லை வச்சே கிரவுண்டு ஓரமா நீளமா நாலஞ்சு படி கட்டி, மேல தகரம் போட்டாங்க. டெஸ்டுக்கு வந்தவங்க எல்லாரும் இனிமே அங்கதான் உக்காரணும். யாரு எப்படி ஓட்டறாங்கன்னு எல்லாரும் பாப்பாங்க. பாஸா ஃபெயிலான்னு இன்ஸ்பெக்டர் அங்கயே காரணத்தோட சத்தமா சொல்லணும். எப்பவும் தலையாட்டியே டெஸ்ட் எடுக்கக் கூடாது, ஆபீஸ்ல இருக்கற மூணு இன்ஸ்பெக்டர்ல அன்னிக்கு யாருன்னு காலையில வரிசையில முதல்ல நிக்கற ஆள் சீட்டு எடுக்கணும்.

ஊரே சிரிச்சுச்சு. அண்ணன் டீக்கடையில உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சான். "சுவரை இடிச்சா லஞ்சம் போயிடுமா? அந்தம்மா கொத்தனார் வேலைக்குப் போயிருக்கலாம்."

எனக்கு டெஸ்ட் நாள் வந்துச்சு. அன்னிக்குச் சீட்டுல வந்தது தலையாட்டி. அண்ணனுக்குத் தலைகால் புரியலை. "பாத்தியா, சாமி நம்ம பக்கம்"னு என் காதுல சொன்னான்.

படியில ஜனம் நிறைஞ்சு உக்காந்திருந்துச்சு. எனக்கு முன்னால நகைக்கடைக்காரர் மகன். அண்ணன் ஸ்கூல்தான், எல்லாம் பேசி முடிச்ச ஆள். காரை எடுத்தான், நேராப் போய் ஓரத்துல இருந்த தண்ணித் தொட்டியில இடிச்சான். தலையாட்டி பழக்க தோஷத்துல தலையை ஆட்ட ஆரம்பிச்சார். படியில இருந்து ஒருத்தர், "என்னது, பாஸா?"ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை. தலையாட்டியோட தலை பாதியில நின்னுடுச்சு. காசு வாங்கின ஆளை அந்த மனுஷன் வாழ்க்கையில முதல் தடவையா "ஃபெயில்"னு சொன்னதை நான் கண்ணால பாத்தேன்.

அடுத்து நான். முன்னால நல்லாத்தான் ஓட்டினேன், வளைவும் சரியா எடுத்தேன். கடைசியில கம்பு நட்ட சந்துக்குள்ள பின்னால வந்து நிறுத்தணும். அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. சுவர் இருந்த காலத்துல இந்தச் சந்துப் பக்கம் ஒரு காரும் வந்ததே இல்ல. அண்ணன் இதை யோசிக்கவே இல்ல. கியரைப் போட்டேன், கரகரன்னு அரைச்சுச்சு. மறுபடி போட்டேன், மறுபடி அரைச்சுச்சு.

என் அண்ணன் என்ன செஞ்சான் தெரியுமா? படியில இருந்து எந்திரிச்சு, விறுவிறுன்னு நடந்து வந்து, பானட்ல ரெண்டு கையையும் வச்சுக் காரைச் சந்துக்குள்ள தள்ள ஆரம்பிச்சுட்டான். வேணும்னு செய்யலை, கை பழகிப்போச்சு. படி முழுக்கச் சிரிச்சு உருண்டுச்சு. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, பூமி பிளந்தா உள்ள போயிடலாம்னு உக்காந்திருந்தேன். "வண்டி பின்னால வரலை. ஃபெயில்"னு தலையாட்டி சத்தமா சொன்னார். அதுல ஒரு தப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனைக் கிழிச்சுத் தொங்கப் போட்டேன். "உன்னை நம்பி என் பொழப்பே போகப் போகுது"ன்னு கத்தினேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் பாப்பா"ன்னான்.

நான் ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காம சொன்னேன். அவங்க சிரிப்பை அடக்க முடியாம முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் வேன் சாவியை எடுத்துக் குடுத்தாங்க. "கிரவுண்டு காலியாத்தான் கிடக்கு. பிள்ளைங்களை ஏத்தறதுக்கு முன்னாடி குப்பைத்தொட்டியை இடிச்சுப் பழகிக்குங்க." லீவுல பூட்டிக் கிடந்த ஸ்கூல்ல, குப்பைத்தொட்டிங்களைக் கம்பா நிறுத்தி, கழுத்து வலிக்கிற வரைக்கும் பின்னால பின்னால ஓட்டினேன். ஒரு தொட்டி கூட ஒழுங்கா மிஞ்சலை. ஆனா கை வந்துடுச்சு.

ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னால கடைசி டெஸ்ட். வேனையே எடுத்துட்டுப் போனேன். சீட்டுல மறுபடியும் தலையாட்டி. அண்ணன் படியில முதல் வரிசையில உக்காந்து என்னைப் பாத்துக் கண்ணடிச்சான்.

எல்லாம் சரியாப் போச்சு. சந்துக்குள்ள பின்னால வரும்போது அவசரத்துல ஒரு கம்பை லேசாத் தொட்டுட்டேன், அது ஆடி நின்னுச்சு. தலையாட்டி அப்ப அக்கறையா வானத்தைப் பாத்துட்டிருந்தார். "பாஸ்"னார்.

"கம்பு ஆடுச்சு சார்." படியில இருந்து ஒரு அம்மா. ரெண்டு தடவை ஃபெயிலான அம்மா, அதனால கண்ணு கழுகுக் கண்ணு. அவங்களை அந்த நிமிஷம் கடிச்சுத் துப்பணும் போல இருந்துச்சு.

சத்தம் கேட்டு மேடம் வெளிய வந்தாங்க. தலையாட்டியைப் பாக்கலை. நேரா என்கிட்ட வந்து, "ஆடுச்சா?"ன்னு கேட்டாங்க.

அண்ணன் மேடத்துக்குப் பின்னாடி வந்து நின்னு "இல்லைன்னு சொல்லு"ன்னு வாயசைக்கறான். ஸ்கூல் திறக்கப் போகுது. வீட்டுல அந்த மனுஷன் கட்டில்ல. ஆனா படியில உக்காந்திருக்கற அத்தனை பேரும் பாத்திருக்காங்க. நானும்தான் பாத்தேன்.

"ஆடுச்சு மேடம்."

"அப்ப கடைசியில வாங்க. தொட்டவங்க எல்லாருக்கும் அன்னிக்கே இன்னொரு வாய்ப்பு உண்டு. வரிசை முடியட்டும்."

அந்த வெயில்ல, படியில, அதே அம்மா பக்கத்துல போய் உக்காந்தேன். அண்ணன் வந்து முணுமுணுத்தான். "கெடுத்துட்டியே பாப்பா. உனக்காக மூணு இன்ஸ்பெக்டருக்கும் குடுத்து வச்சிருந்தேன். எவன் பேர் வரும்னு தெரியாதுல்ல. முன்ன ஒருத்தனுக்குக் குடுத்தா போதும், இப்ப மூணு பேருக்கும் அழ வேண்டியிருக்கு. அந்த மேடம் நம்ம தொழிலையே ஒழிச்சுடும் போல."

"மூணு பேருக்கும் குடுத்தியா?"

"தங்கச்சியாச்சே. விட முடியுமா?"

அவன் பாசத்தை எங்க கொண்டு போய் வைக்கறது? அவனுக்குத் தெரிஞ்ச ஒரே பாசம் அது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துச்சு. "அண்ணா, அந்த வேன்ல ஏறப் போறது பிள்ளைங்க. எனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதான்னு இந்தப் படியில இருக்கறவங்க சொல்லட்டும். நீ வாயை மூடிட்டு உக்காரு"ன்னேன். அவன் உக்காந்தான். பக்கத்துல இருந்த அம்மா தண்ணி பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாங்க.

வரிசை முடிஞ்சு என் முறை வந்துச்சு. யாரும் வீட்டுக்குப் போகலை. வேனைத் திருப்பி, கண்ணாடியைப் பாத்து, மெதுவா, குப்பைத்தொட்டிங்களை நினைச்சுக்கிட்டே பின்னால வந்தேன். ஒரு கம்பும் அசையலை. தலையாட்டி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அந்த அம்மா "பாஸ்"னாங்க. அவர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

அண்ணன் ரொம்ப நாள் அந்தக் காசை நினைச்சுப் புலம்பினான். மூணு பேருல ஒருத்தரும் திருப்பித் தரலை. எந்த முகத்தோட போய்க் கேக்கறதுன்னு என்கிட்டயே சொல்லி அழுதான். அவன் டிரைவிங் ஸ்கூல்ல சேர்றவங்க இப்ப, "ரிவர்ஸ் சொல்லித் தருவீங்களா?"ன்னுதான் முதல்ல கேக்கறாங்களாம். வேற வழி இல்லாம, இத்தனை வருஷத்துல முதல் தடவையா அந்தக் கார் மெக்கானிக் கிட்ட போயிருக்கு.

ஸ்கூல் திறந்த அன்னிக்குக் காலையில, அண்ணன் பேரனை ஏத்திக்க அவன் தெருவுக்குப் போனேன். முட்டுத் தெரு. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது, பின்னாலயே வெளிய வரணும். பிள்ளை ஏறினான், கதவைச் சாத்தினேன். கியரை மாத்தப் போறேன், முன்னால பாத்தா, என் அண்ணன் வேன் முகத்துல ரெண்டு கையையும் வச்சு, காலை ஊன்றித் தள்ளறதுக்குத் தயாரா நிக்கறான்.

கண்ணாடியை இறக்கிச் சொன்னேன்.

"ஒதுங்கி நில்லுண்ணா. இந்த வண்டியில ரிவர்ஸ் இருக்கு."