பதினான்காம் விதியும் மூன்றாவது கோப்பையும்

1

இந்தக் கதை ஒரு மறுப்புக் கடிதமாகப் பிறந்தது. தனியாக வாழும் முதியோரின் வீடுகளில் குழாய், சுவிட்சுகளை இலவசமாகப் பழுதுபார்க்கும் அமைப்பு எங்களுடையது, இருப்பது மரிபோர் நகரில். கடிதம் எழுதுவது என் வேலை. எங்கள் பெயரையும் கையேட்டையும் வாங்கி எட்டு ஊர்கள் இதையே செய்கின்றன. ஒன்பதாவதாகப் போஸ்னியாவின் துஸ்லா கேட்டது; அங்கே குழுவை நடத்துபவள் செனாதா. பெயர் கிடைத்தால்தான் அங்கே நகராட்சி அறை கொடுக்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

"மதிப்பிற்குரிய செனாதா அவர்களுக்கு, வருத்தத்துடன்..."

[அடித்துவிட்டேன். இங்கே யாருக்கும் வருத்தமில்லை, எரிச்சல்தான்.]

பதினான்காம் விதி: ஒரு வீட்டில் இருபது நிமிடம், எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது. துஸ்லாக்காரர்களோ வீட்டுக்கு இரண்டு மணி நேரம் எடுத்தார்கள்.

2

நிறுவனர் ஸ்தென்காவை முதலில் கறாரான பெண்ணாக எழுதினேன். பிறகு சந்தேகம் வந்தது. தொடக்கத்தில் ஒரு தொண்டர் ஒரு வீட்டில் குடித்தபடி உட்கார்ந்துவிட, அடுத்துப் போக வேண்டிய வீட்டுப் பெரியவர் ஜனவரி மாலை முழுக்கப் பழுதான கணப்போடு குளிரில் விறைத்துக் கிடந்தார். விதி அன்று வந்தது. ஆகவே கறார் என்று அவரை—

வேண்டாம். மறுக்கும் முன் நேரில் பார்த்துவிடலாம் என்று துஸ்லாவுக்குப் பேருந்து ஏறியவர் அவர். அதை மட்டும் எழுதுகிறேன்.

3

மெவ்லிதா என்ற கிழவியின் வீடு. செனாதா பதினைந்தே நிமிடத்தில் குழாயைச் சரிசெய்தாள். காப்பி வந்தது. ஸ்தென்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

"உக்காரும்மா. கடிகாரத்த யாரும் களவாண்டுட்டுப் போகமாட்டாங்க" என்றாள் மெவ்லிதா.

"அடுத்த வீட்ல காத்துக்கிட்டிருப்பாங்க."

"ரசீதாதானே? போன் பண்ணிட்டேன். ஓட்டை இஸ்திரிப் பெட்டிய எடுத்துக்கிட்டு இங்கேயே வர்றா."

இரண்டாவது கோப்பையில் பேச்சு மகன், மருமகள் என்று சுற்றி, மெதுவாகப் படுக்கையறைக்கு வந்தது. "அந்த சுவிட்சு மூணு மாசமா சுருக்குனு இழுக்குது. குச்சியாலதான் போடுறேன்."

"இத ஏன் போன்ல சொல்லல?" என்றார் ஸ்தென்கா.

"முகம் தெரியாதவங்ககிட்ட எதுக்கு? பயந்தாங்கொள்ளின்னு நெனப்பாங்க."

செனாதா எழுந்துபோய் மின்சாரத்தை நிறுத்தினாள். சுவிட்சுக்குள் கம்பி கருகியிருந்தது. அவள் அதை மாற்றி முடித்ததும் மூன்றாவது கோப்பை வந்தது.

"இன்னுமா?" என்று ஸ்தென்கா கிசுகிசுத்தார்.

"இது வந்தா கெளம்புன்னு அர்த்தம்க்கா. குடிச்சிட்டு எந்திரிங்க, இல்லேன்னா மரியாதை இல்ல" என்றாள் செனாதா.

4

கதைக்கான முடிவுகள்:

அ. விதியை மீறியதால் மறுப்பு. [ஸ்தென்கா போனில் அந்தச் சுவிட்சைப் பற்றிச் சொன்னபின் இதை எழுதக் கை வரவில்லை.]

ஆ. துஸ்லாவுக்கு மட்டும் விலக்கு. போனிலேயே ஸ்தென்காவிடம் சொன்னேன். "அப்போ மத்த எட்டு ஊர்லயும் எந்த சுவிட்ச குச்சியால போடுறாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

இ. நடந்தது. திரும்பும் பேருந்திலேயே பெயர் தரும் தாளில் கையெழுத்திட்டார். கையேட்டில் இருபது நிமிடத்தையும் குடிக்கக் கூடாது என்பதையும் அடித்தார். பெரியவர் விறைத்துக் கிடந்ததை மறக்காமல், 'அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டு உட்காரவும்' என்று சேர்த்தார். எப்போது எழுந்திருப்பது என்பதை மட்டும் எழுதவில்லை. அதை அந்தந்த ஊர்தான் எழுத வேண்டுமாம்.

அச்சுக்குப் போகும் பக்கம் என் மேசையில் இருக்கிறது. பத்தாவது ஊர் உங்களுடையதாக இருக்கலாம். உங்கள் ஊரில் ஒரு வீடு, மனம் நோகாமல், 'போதும், போய்வா' என்று எப்படிச் சொல்லும்?

14. ..............................