படத்தில் வந்த நான்கு படகுகள்

பொம்மைப் படம் என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தேசம்மா பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் மகன் கஜேந்திரன் முன்வரிசையில், ஊர்த் தலைவர் வேதாசலத்துக்குப் பக்கத்தில் இருந்தான். அந்த இடத்தில் அவனை உட்காரவிட்டதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாடு குலுக்கல். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, இறால் நன்றாகப் படும் தண்ணீரில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று அம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அந்த முறைதான் பாடு. கல்யாணமான ஆண்களின் பெயர் மட்டுமே சேரும். கஜேந்திரனுக்குத் தை மாதம் கல்யாணமானது. ஆனால் அவன் அப்பா எல்லப்பனின் பெயரை ஊர் ஒருமுறை நீக்கியிருந்தது. மகன் பெயரைச் சேர்க்கிறேன் என்று வேதாசலம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். பாடு இல்லாதவன் அடுத்தவன் வலையைக் கூலிக்கு இழுக்க வேண்டும். கஜேந்திரன் மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே இழுத்துக்கொண்டிருக்கிறான்.

படத்தை எடுத்தவர் ஹருமி என்ற ஜப்பான்காரப் பெண். முந்தைய வருடம் வந்து ஒரு மாதம் தங்கினார். கேமரா இல்லை, பென்சிலும் தாளும்தான். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களை வரைந்தார். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லப் பழவேற்காட்டிலிருந்து நிலோஃபர் என்ற பெண் தினமும் பஸ்ஸில் வந்தாள்.

தேசம்மாவின் புருஷன் எப்படி இறந்தார் என்று ஹருமி ஒருநாள் கேட்டார்.

தேசம்மா நிலோஃபரைப் பார்த்தாள். "இதெல்லாம் படத்துல வருமா பாப்பா?"

"வரைவாங்கக்கா. ஆனா ஜப்பான் ஊரு, ஜப்பான் மூஞ்சி. யாருக்குத் தெரியப்போவுது?"

"பொம்மதானே?"

"பொம்மதான்."

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அன்று கரையில் நின்று பார்த்த எல்லாவற்றையும் அவள் சொன்னாள்.

படம் பனி விழும் ஏரியில் தொடங்கியது. கீழே தமிழ் எழுத்து ஓடியது.

"இன்னாக்கா, சண்டையே வரல?" என்றது ஒரு பிள்ளை.

"குந்துடா. ஹீரோவே இன்னும் எழுந்து வரல."

பிறகு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் போர்வைக்குள் இருக்கும் காட்சி வந்தது.

"ஏய், புள்ளைங்கள வெளிய இட்னு போங்கடி!"

"பொம்மைக்கு இன்னாடி வெக்கம்?"

கூடம் சிரித்தது. அடுத்து அந்தப் பெண் ஏரியில் இறங்கினாள். இறால் போடும் பறிக்கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தை இடது பக்கம் சாய்த்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவினாள்.

"அடியே, அது நம்ம தேசம்மாடி!" என்று யாரோ கத்தினார்கள். தேசம்மாவும் சிரித்தாள்.

படத்தில் அந்தப் புருஷன் வேறொருவனுடைய நாளில் வலை கட்டினான். ஊர் கூடி அவனைத் தள்ளிவைத்தது. அவனுக்கு நெருப்புத் தரக் கூடாது, தண்ணீர் தரக் கூடாது, கை கொடுக்கக் கூடாது. கூடத்தில் சிரிப்பு குறைந்தது.

முகத்துவாரத்தில் அவன் படகு கவிழ்ந்தது. பக்கத்தில் நான்கு படகுகள் இருந்தன. முதல் படகில் ஒருவன் எழுந்து நின்று பார்த்தான். தோளிலிருந்த துண்டை எடுத்தான். நெற்றி, மூக்கு, கழுத்து என்று மெதுவாகத் துடைத்தான். பிறகு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தான். மற்ற மூன்று படகுகளும் அவன் பின்னால் போயின. பாட்டு இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. கவிழ்ந்த படகின் மேல் ஒரு கை இருந்தது. பிறகு இல்லை.

வேதாசலம் எதையும் பேசுவதற்கு முன் அப்படித்தான் துடைப்பார். ஊர்ப் பிள்ளைகள் அதைச் செய்துகாட்டி விளையாடுவார்கள். இப்போது அவர் முகத்தில் வியர்வை ஓடியது. துண்டு தோளிலேயே இருந்தது.

எல்லப்பன் செத்தபோது போலீஸிடம் ஊர் சொன்னது வேறு. கச்சான் காற்று அடித்துப் படகு கவிழ்ந்தது, கடலில் வேறு யாரும் இல்லை. கஜேந்திரன் அப்போது சிறுவன். அவனுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தாள்.

வெளியே வரும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். "அது நைனாவா?"

"வூட்டுக்குப் போ" என்றாள்.

மறுநாள் ஏரியில் பெண்கள் அவளைக் கண்டதும் தள்ளிப் போனார்கள். அவள் நின்ற இடத்தைச் சுற்றித் தண்ணீர் காலியாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் வலைக்கொட்டகைக்கு வரச்சொல்லி வேதாசலம் ஆளனுப்பினார்.

"த பாரு தேசம்மா. படத்துல ஊரு பேரு இல்ல, யாரு பேரும் இல்ல. நான் ஒண்ணும் கேக்கல."

"அப்ப எதுக்கு மாமா கூப்ட்ட?"

"ஊரு கேக்குது. நாளைக்கு போலீஸ்காரன் வந்து நின்னா? அந்த நாலு போட்டுல இருந்தவன் புள்ளைங்ககூடதான் உன் புள்ள வல கட்டணும்."

"நடந்துதா இல்லையா? அத்த சொல்லு."

அவர் துண்டை எடுத்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். அன்னிக்கி நான் கை குடுத்திருந்தா என்னையும் தள்ளியிருப்பாங்க. உனுக்குத் தெரியாததா? குலுக்கலுக்கு முன்னாடி கோயில்ல நின்னு சொல்லிடு. அந்த ஜப்பான் பொம்பள என் மேல பாவப்படணும்னு கத வுட்டேன்னு. சொன்னா கஜா பேரு உள்ள. இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நிலோஃபர் விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"சொல்லாதீங்கக்கா. அது உண்மை."

"நீ சாயங்காலம் பஸ் ஏறிடுவ பாப்பா."

"நான்தான் யாருக்கும் தெரியாதுன்னு..."

"அந்தம்மா நல்லாத்தான் வரைஞ்சிருக்குது. ஒண்ணுகூடச் சேக்கல, ஒண்ணுகூட வுடல. அதான் பேஜாரு."

ஞாயிறு காலை தேசம்மா கோயில் முன் நின்று சொன்னாள். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். "அன்னிக்கி கடல்ல யாரும் இல்ல. காத்துல போனாரு. நான்தான் இட்டுக்கட்டி சொன்னேன்." ஒருத்தி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். இன்னொருத்தி வெற்றிலை நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள்.

கஜேந்திரனின் சீட்டு குடத்துக்குள் போனது. அவனுக்கு அமாவாசையை ஒட்டிய நாள் விழுந்தது. இறால் அதிகம் படும் நாள். பையன்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள்.

மத்தியானம் அவன் சோற்றைத் தொடவில்லை.

"படம் பாத்ததுலேருந்து நான் தூங்கல" என்றான். "வேதாசலம் மாமாவ வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிடலாம்னு இருந்தேன். நீ கோயில்ல சொன்னப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துது."

அவள் குழம்பு ஊற்றப் போனாள். கையால் தடுத்தான்.

"நைனா செத்தத வெச்சா கத வுடுவ? எவளோ ஒருத்தி பாவப்படணும்னு?"

தேசம்மா வாய் திறந்தாள். வெளியே வேதாசலத்தின் மகன், "மச்சான், வல தைக்க வர்றியா இல்லையா?" என்று கூப்பிட்டான். இனி வலை கட்டப் போகும்போது இருவருக்கும் ஒரே படகு. முகத்துவாரத்தில் நீர் இழுக்கும். ஒருவன் விழுந்தால் மற்றவன்தான் கயிறு போட வேண்டும்.

"தப்புதான்" என்றாள்.

"இனிமே நைனாவப் பத்தி இந்த வூட்ல நீ பேசாத."

"பேசல."

அவன் கை கழுவிக்கொண்டு போனான். வெளியே இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.