அலமாரி திறந்த பதிப்பு

அச்சகத்தின் மர அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெண் பதினோரு வருடம் தட்டினாள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. திறந்தால் காகிதக் கட்டுகள் மட்டும் இருக்கும். மூடினால் தட்டல் தொடங்கிவிடும். முதல் வாரம் எலி என்றார்கள், அடுத்த வாரம் எலிப்பொறி வைத்தார்கள், பிறகு பழகிப்போய் அந்தச் சத்தத்தோடேயே தேநீர் குடித்தார்கள். வாடிக்கையாளர் வந்தால் மட்டும் முதலாளி கொஞ்சம் உரக்கப் பேசினார்.

உள்ளே இருப்பது யாரென்று புரூஃப் பார்ப்பவருக்குத் தெரியும். அந்த அச்சகம் பள்ளிகளுக்காக ஒரு பழைய சிரிப்பு நாடகத்தை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அச்சடிக்கும். அதில் மாப்பிள்ளையின் அக்கா ஒருத்தி வருவாள். வாய் ஓயாதவள், ஊர் வம்பெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்றாம் அங்கத்தில் ஒட்டுக்கேட்க அலமாரிக்குள் ஒளிவாள், வேலைக்காரன் தெரியாமல் பூட்டிவிடுவான், அரங்கமே வயிறு வலிக்கச் சிரிக்கும். பிறகு குழப்பமெல்லாம் தீர்ந்து, கல்யாணம் நடந்து, திரை விழும். புரூஃப்காரரும் பள்ளியில் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தவர்தான். நாற்பத்தேழு வயதில், ஏழாம் பதிப்பை வரிவரியாகப் பார்க்கும்போதுதான் கவனித்தார்: அவள் வெளியே வந்ததாக எங்குமே இல்லை. எழுதியவர் மறந்துவிட்டிருக்கிறார். அன்று மதியம்தான் தட்டல் தொடங்கியது.

மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்க்கக் கூடாது என்பது அவர் தொழிலின் விதி. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம், அவ்வளவுதான். போட்டார். முதலாளி அதை அடித்துவிட்டு, "செத்து நூறு வருஷம் ஆனவர்கிட்ட யாருய்யா போய்க் கேக்குறது?" என்றார். எட்டாம் பதிப்பிலும் போட்டார், ஒன்பதிலும். விதியை மீற மட்டும் கை வரவில்லை.

அவருக்கும் ஓர் அக்கா இருந்தாள், அதே மாதிரி வாய். அவருடைய கல்யாணத்தன்று, பெண்வீட்டார் முன்னால் எதையாவது உளறிவைப்பாளென்று, பரிசுப் பொருள்களுக்குக் காவல் இருக்கச் சொல்லி மாடி அறையில் உட்காரவைத்தார்கள். சாவியைத் திருப்பியவர் அவர்தான். படத்துக்கு நிற்கிற அமளியில் மறந்தும் போனார். சாயங்காலம் கதவைத் திறந்தபோது அவள் புது உடுப்பு கசங்காமல் நின்றபடி, "கல்யாணம் முடிஞ்சுதாடா? நல்லா நடந்துச்சா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த இருபது வருடம் குடும்பம் எங்கே கூடினாலும் அந்தக் கதை வரும், அவளே நடித்தும் காட்டுவாள். கல்யாணப் படம் ஒன்றில்கூட அவள் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியது ஏழாம் பதிப்பின் மேசையில்தான். அதற்குள் அவள் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

பத்தாம் பதிப்பின் கடைசித் தாள், அவர் ஓய்வுபெறும் நாளன்று மேசைக்கு வந்தது. பேனாவை மூடினார், திறந்தார், முப்பத்தைந்து வருட வேலையில் முதல்முறையாகத் தன் சொல்லை எழுதினார்: 'தம்பி வந்து அலமாரியைத் திறக்கிறான். அக்கா வெளியே வருகிறாள்.'

தட்டல் நின்றது. எழுந்துபோய்த் திறந்தார். காகிதக் கட்டுகளுக்கு நடுவே, பழங்கால உடையின் மடிப்புக் கலையாமல் ஒருத்தி நின்றிருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருச்சுக்கா. உன்ன விட்டுட்டு நடத்தியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான்."

அவள் அலமாரியிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தாள்.

"இத நீ அவகிட்ட சொல்லியிருக்கணும், தம்பி. நான் வேற ஆளு," என்றாள். "சரி, ஒரு நாற்காலி போடு. கால் கடுக்குது."

போட்டார். பைண்டிங் பிரிவில் ஆள் குறைவாக இருந்ததால் முதலாளி மறுநாளே அவளைத் தாள் மடிக்க வைத்துக்கொண்டார். பேச்சுத்தான் தாங்கவில்லை என்கிறார்கள். அலமாரியை இப்போது யாரும் மூடுவதில்லை. ஓய்வுபெற்ற அன்று எடுத்த படம் அச்சகச் சுவரில் இருக்கிறது. முன்வரிசை நடுவில், அதே நாற்காலியில், ஏதோ பேசிக்கொண்டே வாய் திறந்தபடி அவள் இருக்கிறாள். புரூஃப்காரர் பின்னால் நிற்கிறார். கேமராவைப் பார்க்காமல், தன் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறார்.