முத்துவீரனின் சாயம் வெளுத்த வரலாறு

1933ஆம் வருஷம் மாசி மாதம், ஆண்டிபட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர் ஊருணியில் விழுந்த ஒரு டப்பா சிவப்புச் சாயம் பதினொரு வருஷம் வெளுக்கவில்லை. ஊருணியில் எது விழுந்தாலும் மேலே மிதப்பதை வெயில் தின்னும், அடியில் இறங்கியதை வண்டல் தின்னும். இது எங்கள் ஊர் மாட்டுக்கும் தெரியும். இந்தச் சாயத்தைத் தின்ன இரண்டுக்கும் தைரியம் வரவில்லை. காரணம், சாயக்காரர் முத்துவீரனின் வாய். மதுரையிலிருந்து ரயிலில் வரும் ஜெர்மன் சாயத்தில் நூல் முக்கி நெசவாளர்களுக்குக் கொடுத்துவந்தவர் அவர். "என் சாயத்தைச் சாமியே வந்து துவைச்சாலும் வெளுக்காது" என்று தேனிச் சந்தையில் பத்து வருஷமாகக் கூவியிருந்தார். நூல் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இரண்டே துவைப்பில் வெளுத்தது. ஊருணி போட்டுக்கொண்டுவிட்டது.

டப்பா கை தவறி விழுந்ததாக முத்துவீரன் சொன்னார். ஊருக்குக் குடிதண்ணீர் அது ஒன்றுதான். பெண்கள் அவரை வாயார வைதுகொண்டே இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊர்க் கிணற்றில் இறைத்து வந்தார்கள். அவர் மனைவி இருளம்மாளும் வைதுகொண்டுதான் நடந்தாள். பெரியகுளத்திலிருந்து வந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு பாட்டிலில் பிடித்துப் போனார். ஊர் எல்லை தாண்டியதும் பாட்டில் தண்ணீர் வெளுத்துவிட்டது. தண்ணீர் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. ஊரே சிவந்த வேட்டியோடு நின்று அதை வாசிக்கக் கேட்டது.

இருளம்மாள்தான் கண்டுபிடித்தாள். "அவுக கொண்டுபோன தண்ணி அங்கன வெளுத்துச்சுல்ல? இங்கன உங்க வாய்க்குப் பயந்துக்கிட்டு நிக்குது. வெளுக்கும்னு சொல்லித் தொலைங்க."

முத்துவீரன் மூன்று நாள் சாப்பிடாமல் யோசித்தார். பிறகு கரையில் ஏறி, "என் சாயம் வெளுக்கும்" என்றார். சந்தை முழுக்கச் சிரித்தது, பாதி வியாபாரம் போனது, பொழுது சாய்வதற்குள் மேல்தண்ணீர் தெளிந்தது. ஆனால் வண்டலுக்கு வெயிலும் எட்டவில்லை, வார்த்தையும் எட்டவில்லை. மழை பெய்து அடி கலங்கியதும் மறுபடி சிவப்பு, மறுபடி இரண்டு மைல். அதனால் வருஷந்தோறும் கோடையில், வண்டல் அள்ளுவதற்கு முன், முத்துவீரன் முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு பொய்யை ஒப்புக்கொள்வது வழக்கமாயிற்று. மீசைக்கு மை பூசுவதைச் சொன்னார், சிவந்த வண்டல் ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பழையபடி கறுத்தது. கம்பம் ஊர்ப்பக்கம் தான் விரட்டியதாகச் சொன்ன புலி கன்றுக்குட்டிதான் என்றார், இன்னொரு விரற்கடை. ஊர் கரையில் உட்கார்ந்து ரசித்தது.

1944இல் கடைசி விரற்கடை மிச்சம். முத்துவீரன் சேற்றில் இறங்கினார். "டப்பா தவறி விழுகல. வெளுக்காதுன்னு காட்ட நானாத்தான் கொட்டினேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. இருளம்மாள் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"தெரியும். டப்பா மூடி அன்னைக்கு உங்க மடியிலதான இருந்துச்சு. நான் சொன்னா இந்தச் சேறு கேக்காது. நீங்களாச் சொல்லுவீகன்னு பதினோரு வருசம் நடந்தேன்."

வண்டல் கறுத்தது. ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் நாலு வண்டி அள்ள வேண்டியிருந்தது.