வியாழக்கிழமைக் குழு

எங்கள் சபையில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக் குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டால் அதை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பாஸ்டரிடம் பிரிப்பது என்று சொன்னால் பிடிக்காது. "பிரிக்கிறது இல்ல பிரதர், பெருகுறது" என்பார். பெருகுகிறதாம். அவருக்கென்ன, ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். புதன்கிழமை என் வீட்டில் ஜெபக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கி வைக்கிறவன் நான்.

என் குழுவை மூன்று முறை பிரித்துவிட்டார்கள். ஒழுங்காக நடத்தினால் ஆள் சேரும். ஆள் சேர்ந்தால் பிரிப்பார்கள். ஏனோதானோவென்று நடத்துகிறவன் பத்து வருஷமாக அதே ஆறு பேரோடு நிம்மதியாக இருக்கிறான். முதல் முறை பிரித்தபோது என் மனைவி இருந்தாள். "விடுங்க, பக்கத்துத் தெருதானே" என்றாள். இரண்டாவது முறை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாவது முறை அவள் இல்லை. அவளை அடக்கம் பண்ணிய வாரம் என் சமையலறையில் நின்று பாத்திரம் கழுவியவர்கள் எல்லோரும் அந்த மூன்றாவது முறை பிரிந்துபோன பாதியில்தான் இருந்தார்கள். போகும்போது கட்டிப்பிடித்துக்கொண்டு "போன் பண்றோம்ணே" என்றார்கள். இப்போது சபை வாசலில் பார்த்தால் கையை ஆட்டுகிறார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். புதுக் குழு, புது மனிதர்கள், அவர்கள் பாடு அவர்களுக்கு.

நாலாவது குழு என்னையும் சேர்த்துப் பதினொரு பேரில் நின்றது. ஒன்றரை வருஷமாக நின்றது. நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவின் நர்ஸ், "அண்ணே, வார்டுல ஒரு சிஸ்டர் வரணும்னு சொல்றாங்க" என்றபோது, "அவங்க வீட்டுப் பக்கமே ஒரு குழு இருக்கேம்மா" என்று தள்ளிவிட்டேன். குழுவிலேயே பஸ் ஓட்டுகிற ஒருவர் தன் மைத்துனரைப் பற்றிச் சொன்னபோது காதில் விழாத மாதிரி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். புதன்கிழமை ஏழு மணிக்கு அந்தப் பத்துப் பேர் படியேறி வருகிற சத்தம் கேட்கும். மற்ற ஆறு நாளும் நான் அந்தச் சத்தத்துக்காகத்தான் சோறு தின்று உயிரோடு இருந்தேன். அதை இன்னொரு முறை பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். மாதம் ஒருமுறை கட்டடம் கட்டடமாகப் போய் எண்ணெய் போட்டு, கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் புதிதாக ஒரு காவலாளி வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நான் வேலை முடிக்கும் வரை தரைத்தளத்தில் 'பழுது' பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். மனிதர் நின்றது என்னோடு பேசுவதற்கு. கருவிப்பெட்டியில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் பைபிளைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, நீங்க சபைக்குப் போறவரா?"

"ஆமா."

"வீட்டுல கூட்டம் ஏதாச்சும் நடக்குதா? இந்த ஊருக்கு வந்து நாலு மாசம் ஆச்சுண்ணே. எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

என் வீட்டிலேயே நடக்கிறது என்று வாய் முந்திக்கொண்டது. எங்கே என்று கேட்டார். விலாசத்தையும் சொல்லித் தொலைத்தேன். என்றைக்கு என்று கேட்டபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. பன்னிரண்டு என்ற எண் கண் முன்னால் வந்து நின்றது. இடமில்லை என்று ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"வியாழக்கிழமை. ஏழு மணி" என்றேன்.

யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். இப்படி எத்தனை பேர் கேட்டுவிட்டு எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை சரியாக ஏழு மணிக்கு மணி அடித்தது. நான் பனியனோடு உட்கார்ந்து முந்தின நாள் மிஞ்சிய பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் மனிதர் காவலாளிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலையைப் படியச் சீவிக்கொண்டு நிற்கிறார். நல்ல சட்டை அது ஒன்றுதான் போலிருக்கிறது.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "மத்தவங்க இன்னும் வரலையாண்ணே?"

"இன்னைக்கு யாரும் வரல."

"பரவால்லண்ணே. நாம ரெண்டு பேர் இருக்கோம்ல."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? ஒரு பாட்டுப் பாடினோம். அவர் குரல் ஒரு பக்கம் போகும், ராகம் இன்னொரு பக்கம் போகும், ஆனால் தொண்டையில் வஞ்சனையே இல்லை. ஜெபம் பண்ணச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த அண்ணன் பாவம், தனியா உக்காந்து குழு நடத்துறாரு. ஆளுங்கள அனுப்பும் ஆண்டவரே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வருகிற மனிதர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வேறு ஊரில். இங்கே ஒரு அறையில் ஆறு காவலாளிகள், ஷிப்டுக்கு ஷிப்ட் மாறித் தூங்குகிறவர்கள். "ஒருத்தன் எந்திரிச்ச சூட்டுல இன்னொருத்தன் படுப்போம்ணே. ஆனா பேசிக்கிட்டதே இல்ல" என்று சிரித்தார்.

மூன்றாவது வாரம் ஒன்று நடந்தது. புதன்கிழமைகளில் நான்தான் எல்லோரிடமும் "உங்க ஜெப விண்ணப்பம் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பஸ் டிரைவரின் முதுகுவலி, நர்ஸின் மாமியார், ஒருவர் வீட்டு வாடகை என்று வட்டமாகச் சுற்றி வந்து எனக்கு முன்னால் நின்றுவிடும். அது அப்படியே பழகிவிட்டது. காவலாளி தன் பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு, "உங்க விண்ணப்பம் என்னண்ணே?" என்றார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், அங்கே நின்று அழுதேன். திரும்பி வந்து என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். கடைசி நாட்களில் அவள் என் பெயரை மறந்துபோய் என்னை டாக்டர் என்று கூப்பிட்டதைச் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் ஆறுதல் வசனம் எதையும் எடுத்து விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பச் சொல்லும் அந்த ஜெபத்தையும் அன்றிலிருந்து அவர் விட்டுவிட்டார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை, தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆறாவது வாரம், புதன்கிழமை, டீ குடிக்கும்போது பஸ் டிரைவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "என்னண்ணே, வியாழக்கிழமையும் உங்க வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்குதாம்? கீழ்வீட்டு அம்மா, யாரோ ராகத்தக் கொல்றாருன்னு சொல்றாங்க."

"ரேடியோவா இருக்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பதினொரு பேரும் கைகோத்துக்கொண்டு நின்று முடிவு ஜெபம் பண்ணினோம். என் வலது கையை நர்ஸும் இடது கையை பஸ் டிரைவரும் பிடித்திருந்தார்கள். ஒரு மனிதனை ரேடியோ என்று சொல்லிவிட்டு அந்தக் கைகளுக்கு நடுவில் நின்றேன். இவர்கள் இத்தனை பேரில் ஒருவருக்கும் நான் எப்படிப்பட்டவன் என்று தெரியாது என்று தோன்றியது. அன்றைக்கு அந்த அறையில் எனக்கு இருந்த தனிமை, ஆளில்லாத நாளில்கூட இருந்ததில்லை.

மறுநாள் காவலாளி வந்து உட்கார்ந்ததும் பாட்டுப் புத்தகத்தை விரிக்கவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். குழு புதன்கிழமை. பதினொரு பேர். பன்னிரண்டானால் பிரித்துவிடுவார்கள். உன்னைச் சேர்க்க மனசில்லாமல் நாளை மாற்றிச் சொன்னேன். எப்போது அவரை 'நீ' என்று சொல்ல ஆரம்பித்தேனோ தெரியாது.

அவர் புத்தகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "தெரியும்ணே" என்றார்.

"என்ன தெரியும்?"

"மூணாவது வாரம் புதன்கிழமை இந்தப் பக்கம் வந்தேன். அன்னைக்கு லிஃப்ட் ரிப்பேர்னு வந்தப்ப எங்க கட்டடத்துல குடைய மறந்து வச்சுட்டுப் போனீங்க, மழையா இருக்கே, அதக் குடுக்கலாம்னு. படியேறும்போதே பாட்டுச் சத்தம். நல்லா பத்துப் பேர் பாடுற சத்தம். உங்க சிரிப்பும் கேட்டுச்சு. படியிலயே உக்காந்து முடிவு ஜெபம் வரைக்கும் கேட்டுட்டு, குடைய கீழ்வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டேன்."

கீழ்வீட்டு அம்மா குடையைக் கொடுத்தது ஞாபகம் வந்தது. கொண்டுவந்தது யார் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

"பெல் அடிச்சிருக்கலாமேப்பா."

"நீங்க வியாழக்கிழமைன்னுதானே சொன்னீங்க."

"பொய்ன்னு தெரிஞ்சதுக்கப்புறமும் ஏன் வந்த? மறுநாளே வந்தியே."

புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "வியாழக்கிழமையாச்சும் கதவத் திறந்தீங்களேண்ணே. இந்த ஊர்ல வேற யாரு திறந்தா?"

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வர்ற புதன்கிழமை வா" என்றேன். வேண்டாம், பன்னிரண்டாகிவிடும் என்று அவர் எனக்காகப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வரலன்னா நான் உன் கட்டடத்துக்கு வந்து லிஃப்ட நிறுத்திருவேன், ஒன்பது மாடியும் ஏறி இறங்கு" என்றேன்.

புதன்கிழமை அதே தேய்த்த சட்டையில் வந்தார். நான் எழுந்து நின்று, ஒன்றையும் பூசி மெழுகாமல், நடந்ததைச் சொன்னேன். ரேடியோ இவர்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணுகிறாள் என்று தெரிந்தது. பன்னிரண்டாவது தலையில் வந்து அவள் முகம் வாடியது.

பஸ் டிரைவர் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, வரட்டும், நம்மளோட இருக்கட்டும். பேர மட்டும் பாஸ்டருக்குப் போற தாள்ல எழுத வேணாமே. யாருக்குத் தெரியப்போவுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதாமல் விட்டுவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று ஆண்டவருக்குத் தெரியும். பதினொரு பேரும் இருப்பார்கள், அவரும் இருப்பார். ஆனால் அவர் தாளில் இல்லாமல், படியில் உட்கார்ந்திருந்த அதே ஆளாகவே இருப்பார். பேனாவை எடுத்து அவர் பெயரை எழுதினேன்.

அடுத்த புதன்கிழமை என் வீட்டுக்கே வந்த பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா பிரதர், மறுபடியும் பெருகிட்டீங்க" என்று என் தோளைத் தட்டினார். தாளை வைத்துக்கொண்டு, யார் யார் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துக் கோடு போட்டார். ஆறு பேர் என் வீட்டில். ஆறு பேர் நர்ஸ் வீட்டில், அவள்தான் தலைவி. காவலாளியின் அறை அவள் வீட்டுப் பக்கம் இருந்தது. பஸ் டிரைவரும் அந்தப் பக்கம்தான்.

"எங்களுக்குப் புதன்கிழமை டியூட்டி இடிக்கும்ணே" என்றாள் நர்ஸ். "வியாழக்கிழமை ஏழு மணின்னா எல்லாருக்கும் வசதி."

காவலாளி சட்டென்று என்னைப் பார்த்தார்.

"நல்ல நாள்மா. வச்சுக்கோங்க" என்றேன்.

கடைசியாக ஒருமுறை எல்லோரும் ஜெபித்தோம். கட்டிப்பிடித்தார்கள். போன் பண்றோம்ணே என்றார்கள். படியில் அவர்களின் காலடிச் சத்தம் இறங்கிப்போனது. நான் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தேன். காவலாளி மட்டும் போகாமல் நின்று என்னோடு சேர்ந்து மடக்கினார்.

"நாளைக்கு நீங்க அங்க வந்துருங்கண்ணே" என்றார்.

"இன்னொரு குழுவோட தலைவர் வரக்கூடாதுப்பா. அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்காங்க."

"தலைவரா வராதீங்க. சும்மா வாங்க." கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அங்க ஆறு பேர்தாண்ணே. இடம் இருக்கு."

முதல் நாள் லிஃப்ட் வாசலில் நான் அவருக்குச் சொல்லாமல் விட்ட வார்த்தை அது. மடக்கிய நாற்காலி ஒன்றைத் திரும்ப விரித்து உட்கார்ந்து, அவர் முன்னாலேயே அழுதேன்.