ராசு வலை போட்ட இடம்

காலை ஐந்தே முக்காலுக்கு ராசுவின் குரல் கடைசியாகக் கேட்டது. "வடக்க இருக்கோம், வானகிரிக்கு நேரா. எஞ்சின் மக்கர் பண்ணுது, பாத்துக்கலாம்." இப்போது மணி பத்தரை. காற்று ஏறிக்கொண்டே இருந்தது. படகில் அவனோடு இன்னும் இரண்டு பேர். தேடப் போன பதினாறு படகும் வானகிரிக்கு நேரே அலசிவிட்டு, ஒன்றுமில்லை என்று வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தன.

தரங்கம்பாடி மீனவர் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் சௌந்தரநாயகி, ராசுவின் மனைவி. கடலில் யார் வயர்லெஸ்ஸில் பேசினாலும் அந்த மெஷின் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயரைத் தட்டினால் பேசியது அத்தனையும் தேதிவாரியாக வந்து நிற்கும். அந்தக் கடைசிப் பேச்சை இருபது தடவை கேட்டுவிட்டாள்.

"அவன் வடக்க இல்ல, தங்கச்சி" என்றார் வாசலில் நின்ற செல்லதுரை. அவரும் தேடப் போனவர்தான், டீசல் போடக் கரைக்கு வந்திருந்தார்.

அது அவளுக்குத் தெரியாதா? மீன் கிடைக்கிற இடத்தை ஊரே கேட்கும் வயர்லெஸ்ஸில் உள்ளபடி சொல்ல எவனுக்குப் பைத்தியம்? கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டு மூன்று வருஷமாக ராசுவுக்குக் கலவாய் மீனை அள்ளிக் கொடுக்கிறது. வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். பெண்டாட்டியிடம்கூட இடத்தைச் சொல்லாத மகாராஜன் அவன். அதைக் கண்டுபிடிக்க அவன் பின்னாலேயே படகை ஓட்டிக் களைத்தவர்தான் இந்தச் செல்லதுரை.

அவள் 'ராசு, வடக்க' என்று தட்டினாள். இந்த மாதம் ஒன்பது நாள் அப்படிச் சொல்லியிருந்தான். அதே தேதிகளுக்குத் துறைமுகக் கேமராப் படத்தைத் திறந்தாள். கரையில் நிற்பவர்கள் மீனைப் பார்ப்பார்கள், படகு வந்த திசையை யார் பார்க்கிறார்கள்? ஒன்பது நாளும் அவன் படகு தெற்கிலிருந்துதான் வந்திருந்தது. ஒன்பது நாளும், மீன் பிடித்த இடத்திலிருந்து கிளம்புவதாக வயர்லெஸ்ஸில் சொன்ன ஐம்பதாவது நிமிஷம், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவின் கடைசிப் பாறைக்கு நேராக வந்திருந்தது.

இதை வைத்து இடத்தைக் கணக்குப் போட அவளுக்குத் தெரியாது. செல்லதுரைக்குத் தெரியும். திரை அவள் பக்கம் இருந்தது. திருப்பினால் மூன்று வருஷச் சோறு போயிற்று. திருப்பாவிட்டால்? சே, இதையெல்லாம் யோசிக்கிற நேரமா என்று தன்னையே திட்டிக்கொண்டு திரையைத் திருப்பினாள்.

"பாருங்கண்ணே. எல்லாத்தையும் பாருங்க."

அவர் மூன்று நாள் படத்தைத்தான் பார்த்தார். கண்ணை மூடி உதட்டுக்குள் எண்ணினார். பிறகு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரத்திலுமா?

"தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு அவர் படகுக்கு ஓடினார்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. அவள் மைக்கைப் பிடித்தபடியே இருந்தாள். யாரோ கொண்டு வந்து வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூட ஓடவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வயர்லெஸ்ஸில் செல்லதுரையின் குரல் கரகரத்தது.

"மூணு பேரும் கிடைச்சுட்டாங்க. கவுந்த படகு மேல கிடந்தாங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல, தங்கச்சி."

அவள் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனாள். அதற்குள் வடக்கே தேடிக்கொண்டிருந்த ஜெகன் குறுக்கே புகுந்தான். "எங்கண்ணே கிடைச்சாங்க? எந்த எடம்?"

தேடப் போன படகெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நேர் கிழக்க" என்றார் செல்லதுரை. "நல்ல ஆழம். இருபது பாகத் தண்ணிக்கு அந்தாண்ட. ஆபீஸ்ல குறிச்சுக்க, தங்கச்சி."

தெற்கே ஐம்பது நிமிஷ ஓட்டத்தில் இருக்கிற திட்டு நேர் கிழக்கே அவ்வளவு ஆழத்தில் இருக்காது; ராசு மாதிரியே இவரும் இடத்தை மறைக்கிறார். சௌந்தரநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"குறிச்சுக்கிட்டேண்ணே" என்றாள் மைக்கில்.